கார் சலுகைக்கு வருமான வரம்பு: டல்லாஸில் பார்த்ததும் திருப்பூரில் பார்த்ததும்

டல்லாஸில் இருக்கும் என் அக்கா மகன் 2024-ல் எலெக்ட்ரிக் கார் வாங்கினான். புது எலெக்ட்ரிக் காருக்கு 7,500 டாலர் வரை அமெரிக்க மத்திய அரசு வரிச்சலுகை தந்துகொண்டிருந்த நேரம். தனி ஆளாகக் கணக்குக் காட்டினால் ஆண்டு வருமானம் 1,50,000 டாலருக்குள், கணவன் மனைவி சேர்ந்து காட்டினால் 3,00,000-க்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் தாண்டினாலும் சலுகை முழுசாகப் போய்விடும்.

டீலரே அந்தத் தொகையை விலையில் கழித்துக் கொடுத்துவிட்டார். வருடக் கடைசியில் போனஸ் வந்ததும் பயந்துபோய்க் கூப்பிட்டான். "மாமா, ரெண்டு பேர் சம்பளமும் சேர்ந்து வரம்பு தாண்டிருச்சுங்க. காசைத் திருப்பிக் கட்டணுமா?" நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்ப்பவன் என்பதால் என்னிடம் கேட்டான். விதியை வரிவரியாகப் படித்தோம். வாங்கிய வருடம், அதற்கு முந்தைய வருடம், இரண்டில் ஏதாவது ஒன்றில் வரம்புக்குள் இருந்தால் போதும். 2023-ல் அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். இரண்டு வருடமும் தாண்டியவர்கள்தான் திருப்பிக் கட்ட வேண்டும். காருக்குக் கையெழுத்துப் போடும் நாளில் வருடக் கடைசி வருமானம் யாருக்குத் தெரியும்? அதை யோசித்து விதி எழுதியவர்களை மனதாரப் பாராட்டினேன். அந்தச் சலுகையே 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது.

இங்கே நிலைமை வேறு. எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு மத்திய அரசு மானியம் தந்த ஃபேம் 2 திட்டத்தில் (2024 மார்ச்சில் முடிந்தது) சொந்த உபயோகக் காருக்கு மானியம் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்தது 5% ஜிஎஸ்டி, அப்புறம் 2025-லும் நடப்பில் இருந்த சாலை வரி விலக்கு. இரண்டுக்கும் வருமான வரம்பு இல்லை. பெட்ரோல் கார் என்றால் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13%, 20 லட்சத்துக்கு மேல் 20% வாழ்நாள் சாலை வரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 9 லட்சத்துக்கு எலெக்ட்ரிக் கார் வாங்கிய பனியன் கம்பெனி மேனேஜருக்கு மிச்சம் ஒரு லட்சத்துச் சொச்சம், 60 லட்சத்துக்கு வாங்கிய முதலாளிக்கு 12 லட்சம். இரண்டு பேருமே எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்கள். இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதே ஊரில் 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அம்மா ஸ்கூட்டர் மானியம் அதிகபட்சம் 25,000 ரூபாய்தான். அதற்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் செக்கிங் வேலைக்குப் போகிறவள், சான்றுகளுக்கு நடையாய் நடந்தாள். ஸ்கூட்டருக்கு வரம்பு வைத்தவர்கள் சொகுசுக் காருக்கு வைக்கவில்லை.

ஆனால் நம் பக்கம் வருமான வரம்பு மட்டும் வைத்தால் சரிப்படாது என்பதும் என் அனுபவம். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. பொள்ளாச்சியில் பெரிய தென்னந்தோப்பு வைத்திருப்பவரின் வரிக்கணக்கில் வருமானம் கம்மியாகத்தான் தெரியும். மாதச் சம்பளக்காரர், சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி கம்பெனி தரும் ஃபார்ம் 16-ஐ எங்கே ஒளிப்பார்? அமெரிக்காவில் வருமானத்தோடு விலைக்கும் வரம்பு வைத்திருந்தார்கள்: சாதாரண காருக்கு 55,000 டாலர், எஸ்யூவிக்கு 80,000. அந்த விலை வரம்பு ஒன்றே நமக்குப் போதும். பில்லில் உள்ள விலைக்குத் தாசில்தாரிடம் போய்ச் சான்று வாங்க வேண்டியதில்லை.

ஈரோடு, கோபி, நாமக்கல் பக்கம் எலெக்ட்ரிக் கார் எடுத்தவர்கள், எந்த விலை வண்டிக்கு எவ்வளவு வரி மிச்சமானது என்று எழுதுங்கள்.