உட்கார்ந்து சொன்னால் வரும் வசனம் மேடையில் அறுந்துபோகிறது, என்ன செய்வது?

புதுநடிகன்:
அமெச்சூர் குழு, ஒன்றரை மணி நேர நாடகம். மேடையேற மூன்று வாரம் இருக்கிறது. உட்கார்ந்து சொன்னால் ஒரு சொல் தப்பாத வசனம், ஒத்திகையில் நடந்துகொண்டே பேசும்போது நடுவில் நின்றுவிடுகிறது. கடைசி வரிசைக்குக் குரலும் எட்டவில்லையாம். காலர் மைக் கிடையாது, மேலே தொங்கும் மைக் மூன்றுதான். எதை முதலில் சரிசெய்வது?

பக்கத்திரை:
வசனத்தை. உட்கார்ந்தே மனப்பாடம் செய்தால், அடுத்த வரியை எடுத்துக்கொடுக்க முந்தைய வரி ஒன்றுதான் இருக்கும். எந்த வரியில் நாற்காலியை விட்டு எழுகிறீர்கள், எதில் கடிதத்தைப் பிரிக்கிறீர்கள் என்று அசைவோடு சேர்த்தே படியுங்கள்.

எதிரில் நடிப்பவர் பேசி முடிக்கும் கடைசி மூன்று, நான்கு சொற்களை வேறு நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது அவற்றை மட்டும் வரிசை மாற்றிச் சொல்லட்டும், நீங்கள் பதில் வசனத்தை எடுங்கள். அப்படியும் தடுமாறாமல் வந்தால் பயமில்லை.

ப்ராம்ப்டர் (மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவர்) இருந்தால் முதல் இரண்டு சொல் கொடுத்தால் போதும். நீங்கள் வேண்டுமென்றே விடும் இடைவெளிகள் அவருடைய பிரதியிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மிக உருக்கமான மௌனத்தில் மேடையின் பக்கவாட்டு மறைவிலிருந்து வசனம் கேட்கும்!

ஒலிமேசை:
குரலுக்காகக் கத்த வேண்டாம். பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் குரல் விழுகிறது. தமிழில் வினைச்சொல் அங்கேதானே இருக்கிறது? ‘போகிறேன்’ என்றாரா ‘போகமாட்டேன்’ என்றாரா என்று சபைக்குத் தெரியாமல் போகும். நீண்ட வரிகளில் மூச்சு வாங்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள், கடைசிச் சொல்லுக்கு மூச்சு மிச்சம் இருக்கட்டும்.

மைக்கிலிருந்து இரண்டு மடங்கு விலகினால் அதில் விழும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட மைக்கின் ஒலியளவை ஏற்றினால் ஊளையிடும். ஆகவே முக்கியமான வரிகளை மைக்குக்குக் கீழே வைக்கும்படி இயக்குநரிடம் இப்போதே கேளுங்கள். எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசும்போதும் உடம்பைப் பாதியாவது சபைப் பக்கம் திருப்பியே நில்லுங்கள்.

புதுநடிகன்:
நன்றி. சபை சிரிக்கும்போது வசனத்தை நிறுத்தணுமா?

பக்கத்திரை:
நிறுத்துங்கள், ஆனால் முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போதே அடுத்த வரியை எடுங்கள், முதல் சொல்லைச் சற்றே உரக்க. ஒத்திகையில் சிரிக்க ஆள் இருக்காது என்பதால் இதைப் பலரும் பழகுவதே இல்லை. கடைசி வார ஒத்திகைக்காவது நாடகம் தெரியாத நாலு பேரை உட்கார வையுங்கள்.