வைஃபை பெயரே தெரியவில்லை, கம்பியில் மட்டும் இணையம் வருகிறது: உதவி தேவை

செந்தூல் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் அடுக்குமாடி வீடொன்றில் இருக்கிறேன். எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு மாலையில் இணையம் வழியாகத் தமிழ் இலக்கிய வகுப்பு எடுக்கிறேன். நேற்று மாலை இடியும் மழையும் பலமாக இருந்தன. இடி இடித்தால் என் மாமனார் தொலைக்காட்சி, ரவுட்டர், அதன் பக்கத்தில் சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டி என எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிவிடுவார். நேற்றும் கழற்றினார், மழை விட்டதும் மாட்டினார். அதிலிருந்து வைஃபை இல்லை.

மேசைக் கணினி ரவுட்டரோடு கம்பியில் இணைந்திருக்கிறது. அதில் இணையம் வருகிறது. ஆனால் கைப்பேசியிலும் டேப்லட்டிலும் தேடினால் எங்கள் வைஃபையின் பெயரே பட்டியலில் இல்லை. எதிர்வீட்டுப் பெயர், மேல்மாடிப் பெயர் எல்லாம் வரிசையாக வருகின்றன. இணைய நிறுவனத்தை அழைத்தேன். இணைப்பில் கோளாறு எதுவும் தெரியவில்லை, ஆள் அனுப்பச் சில நாள்கள் ஆகும் என்றார்கள். நான் பாடம் எழுதிக் காட்டுவது டேப்லட்டில். அதில் கம்பி மாட்ட வழியில்லை. நாளை மாலை வகுப்பு இருக்கிறது. மின்னல் தாக்கி ரவுட்டர் போய்விட்டதா? புதிதாக வாங்கிவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெப்போங் மாணவன்

வணக்கம் டீச்சர். ரவுட்டரின் பின்பக்கம் ஊசி நுழையும் அளவில் ஒரு சிறிய துளை இருக்கும். ரீசெட் என்று எழுதியிருப்பார்கள். ஊசியை உள்ளே விட்டுப் பத்து விநாடி அழுத்துங்கள். எல்லாம் புதிதாகத் தொடங்கும். எங்கள் வீட்டில் இப்படித்தான் சரியானது.

பிரிக்பீல்ட்ஸ் பழுதுபார்ப்பவர்

டீச்சர், ரீசெட் துளையை இப்போதைக்குத் தொடாதீர்கள். தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்தத் துளையை அழுத்தினால் ரவுட்டருக்குள் சேமித்து வைத்திருப்பதெல்லாம் அழிந்துவிடும். நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டருக்குள் பதிந்திருக்கும். அதோடு, இணையத்துக்கான தடத்தை அடையாளம் காட்டும் விஎல்ஏஎன் என்ற எண்ணும் சரியாக இருக்க வேண்டும். யூனிஃபை என்றால் இணையத்துக்கு அது 500. மற்ற நிறுவனங்களுக்கு வேறு. இணைப்புக் கொடுத்த அன்று நிறுவன ஆள் அதைப் பதிந்துவிட்டுப் போயிருப்பார். அந்தக் கடவுச்சொல் எழுதிய தாள் இன்று பெரும்பாலான வீடுகளில் கிடைப்பதில்லை. இப்போது உங்களுக்கு வைஃபை மட்டும்தான் இல்லை. ரீசெட் செய்தால் கம்பியில் வருகிற இணையமும் போய்விடும். ரவுட்டரை வெறுமனே அணைத்துப் போடுவது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு துளையை அழுத்தி, பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வருத்தம்தான் மிச்சம்.

முதலில் எது வேலை செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். தெருவிலிருந்து வரும் ஃபைபர் முதலில் அந்த வெள்ளைப் பெட்டிக்குள் போகிறது. அதில் பிஓஎன் என்ற விளக்கு அசையாமல் எரிந்தால் வெளியிலிருந்து ஒளி ஒழுங்காக வந்து சேர்கிறது என்று பொருள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் கோளாறு. நிறுவன ஆள் வந்துதான் தீர வேண்டும். உங்களுக்குக் கணினியில் இணையம் வருவதால் ஃபைபர், வெள்ளைப் பெட்டி, உங்கள் கணக்கு மூன்றும் நலம். ரவுட்டருக்குள் வைஃபை பரப்பும் பகுதி மட்டும் எழுந்திருக்கவில்லை. இணைப்பில் கோளாறில்லை என்று நிறுவனம் சொன்னதும் அதனால்தான். அவர்களுக்கு அங்கிருந்து தெரிவது அவ்வளவுதான்.

மின்னலைப் பற்றிக் கேட்டீர்கள். செப்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலத்தில் இடி இடித்தால் அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்குள் புகுந்து மோடத்தைக் கருக்கிவிடும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் மின்சாரம் பாயாது. ஆனால் மின்சாரப் பிளக் வழியாக வரும் அதிர்ச்சி இன்றும் உண்டு. ஏப்ரல், அக்டோபர் போன்ற பருவமாற்ற மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழைக்குக் குறைவில்லை. ஆகவே உங்கள் மாமனார் செய்தது முழுக்கச் சரி. பிளக் கழன்றிருந்த நேரத்தில் ரவுட்டர் இடியில் கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவசரப்பட்டுப் புதிது வாங்க வேண்டாம்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். ரவுட்டரில் எந்தெந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை? கணினியில் இணையம் விடாமல் வருகிறதா, இடையில் நின்று நின்று வருகிறதா?

பட்டர்வொர்த்வாசி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் இதே போல் கம்பியில் இணையம் இருந்து, வைஃபை பெயர் மட்டும் மறைந்துபோனது. ரவுட்டரின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைச் சட்டென்று அழுத்தி எடுத்தால் டபிள்யூபிஎஸ், அதாவது கடவுச்சொல் எழுதாமலே கருவியை இணைக்கும் வழி. சில விநாடி அழுத்திப் பிடித்தால் வைஃபையே அணைந்துவிடும். தூசி துடைக்கும்போது கை பட்டிருந்தது. மறுபடி அழுத்திப் பிடித்ததும் வந்துவிட்டது. எல்லா ரவுட்டரிலும் இந்தப் பொத்தான் இருக்காது. ஒருமுறை பார்த்துவிடுங்கள் அக்கா.

செந்தூல் டீச்சர்

மிக்க நன்றி. நல்லவேளை, ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைப் பெட்டியில் பிஓஎன் பச்சையாக அசையாமல் எரிகிறது. சிவப்பு இல்லை. ரவுட்டரில் மின்சார விளக்கும் உலக உருண்டை போன்ற விளக்கும் எரிகின்றன. வைஃபைக்கான, 2.4 என்றும் 5 என்றும் எழுதிய இரண்டு விளக்குகளும் எரியவே இல்லை. பட்டர்வொர்த் தம்பி சொன்ன பொத்தான் எங்களுடையதில் தனியாக இருக்கிறது. அழுத்திப் பிடித்துப் பார்த்தேன், மாற்றமில்லை. இணையம் நின்று நின்றுதான் வருகிறது ஐயா. சிறிது நேரம் நன்றாக இருக்கிறது, பிறகு எல்லாம் நின்று, திரும்ப வருகிறது. மழைக்குப் பிறகு இப்படி ஆவதுண்டு என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் பழுதுபார்ப்பவர்

அதைத்தான் கேட்க நினைத்தேன். கணினியில் உலாவியைத் திறந்து, முகவரி எழுதும் இடத்தில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று எழுதுங்கள். எது என்பது ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். உள்ளே போனதும் வயர்லெஸ் பகுதியில் வைஃபை இயங்குவதாகக் காட்டுகிறதா, பெயரை மறைக்கும் தேர்வு குறியிடப்பட்டிருக்கிறதா, இரவில் அணைக்கும் நேர அட்டவணை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். எதையும் மாற்ற வேண்டாம், பார்த்தால் போதும். பிறகு சிஸ்டம் அல்லது நிலை என்ற பக்கத்தில், ரவுட்டர் எழுந்து எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு வரி இருக்கும். அதையும் எழுதுங்கள். எனக்கு முக்கியமாக வேண்டியது அந்த வரிதான்.

செந்தூல் டீச்சர்

வைஃபை இயங்குவதாகத்தான் காட்டுகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும். பெயர் மறைக்கப்படவில்லை. அட்டவணை எதுவும் இல்லை. ஆனால் அந்த நேர வரியில் ஒரு நிமிடம் சொச்சம் என்று இருந்தது. காலையிலிருந்து யாரும் ரவுட்டரைத் தொடவில்லையே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் நின்றுபோனது. திரும்ப உள்ளே போனால் நேரம் மறுபடி சுழியத்திலிருந்து ஓடுகிறது!

பிரிக்பீல்ட்ஸ் பழுதுபார்ப்பவர்

கோளாறு பிடிபட்டுவிட்டது என்றே நினைக்கிறேன் டீச்சர். ரவுட்டர் தானாகவே அணைந்து எழுந்துகொண்டிருக்கிறது. இணையம் நின்று நின்று வருவதற்கும் வைஃபை வராததற்கும் காரணம் ஒன்றுதான்.

ரவுட்டர் எழும்போது முதலில் உள்ளிருக்கும் சின்னக் கணினி எழும், பிறகு கம்பி வழி இணைப்பு, கடைசியில்தான் வைஃபை அலை பரப்பும் பகுதி. ரவுட்டரிலேயே அதிக மின்சாரம் கேட்பது அந்தக் கடைசிப் பகுதி. அடாப்டரால் அதைக் கொடுக்க முடியாவிட்டால் மின்னழுத்தம் சரிந்து, முழு ரவுட்டரும் விழுந்து, முதலிலிருந்து எழும். பழைய அடுக்குமாடியில் கீழ்வீட்டார் குழாயைத் திறந்ததும் மேல்வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான்.

இப்போது ரவுட்டரின் அடியில் பாருங்கள். 12 வோல்ட், இத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். பிறகு அதற்கு மின்சாரம் தரும் அடாப்டரில் அவுட்புட் என்ற வரியைப் பாருங்கள். வெள்ளைப் பெட்டியின் அடாப்டரையும் அப்படியே பாருங்கள். நேற்று இரண்டையும் கழற்றி மாட்டினார் அல்லவா?

செந்தூல் டீச்சர்

ஐயா! எழுத்து கறுப்பின் மேல் சாம்பல் நிறத்தில் மிகப் பொடியாக இருந்தது. கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். ரவுட்டரின் அடியில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கிறது. ரவுட்டரில் மாட்டியிருக்கும் அடாப்டரில் 12 வோல்ட், 0.5 ஆம்பியர். வெள்ளைப் பெட்டியில் மாட்டியிருப்பதுதான் 2 ஆம்பியர் அடாப்டர். இரண்டும் ஒரே கறுப்பு நிறம், ஒரே அளவு, முனையும் ஒன்றுபோலவே இருக்கிறது. அப்படியே மாற்றி மாட்டலாமா? வெள்ளைப் பெட்டிக்கு இதனால் ஏதும் கெடுதல் ஆகியிருக்குமா?

பிரிக்பீல்ட்ஸ் பழுதுபார்ப்பவர்

மாற்றி மாட்டுங்கள். முதலில் இரண்டு சுவிட்சையும் அணைத்துவிட்டு மாற்றுங்கள். வெள்ளைப் பெட்டியை முதலில் போட்டு, பிஓஎன் விளக்கு நிலையானதும் ரவுட்டரைப் போடுங்கள்.

வெள்ளைப் பெட்டிக்குக் கெடுதல் இல்லை. வோல்ட் இரண்டிலும் ஒன்றே. ஆம்பியர் என்பது அடாப்டர் அதிகபட்சமாக எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைச் சொல்லும் எண். அது தானாக உள்ளே திணிக்காது. கருவி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பெரிய அடாப்டரில் சிறிய பெட்டி நிம்மதியாக ஓடியது. 12 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் என்றால் 6 வாட். உங்கள் ரவுட்டரோடு வந்தது 24 வாட் கொடுக்கும் அடாப்டர். 6 வாட்டில் கம்பி வழி இணையம் வரைதான் தாக்குப்பிடித்திருக்கிறது. மாறாக, வோல்ட் வேறாக இருந்திருந்தால் நிலைமை வேறு. 12 கேட்கும் கருவிக்கு 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டரை மாட்டிக் கருக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

செந்தூல் டீச்சர்

வந்துவிட்டது! 2.4 விளக்கு எரிந்ததும் டேப்லட் தானாகவே இணைந்துகொண்டது. கணினியிலும் நிற்காமல் வருகிறது. மாமனாரிடம் சொன்னேன். உடனே வெள்ளை ஒட்டுத்தாள் கொண்டுவந்து இரண்டு அடாப்டரிலும், முனைக்குப் பக்கத்தில், ‘ரவுட்டர்’, ‘சுவர்ப்பெட்டி’ என்று தம் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டார். மிக்க நன்றி ஐயா. உங்களால் நாளை வகுப்பு நடக்கும்.

ஒரே ஒரு சந்தேகம். 5 என்று முடியும் பெயர் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸ் பழுதுபார்ப்பவர்

சில நிமிடங்கள் விட்டுவிடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சில அலைவரிசைகளை வானிலை ராடார் போன்றவையும் பயன்படுத்துகின்றன. ரவுட்டர் அப்படிப்பட்ட ஒன்றைத் தேர்ந்திருந்தால், அங்கே ராடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடமாவது கேட்டுவிட்டுத்தான் பரப்பத் தொடங்கும். ராடார் இருப்பதாகத் தெரிந்தால் வேறு அலைவரிசைக்குப் போய் மறுபடி தொடங்கும். வகுப்புக்கு 5 தான் நல்லது. அடுக்குமாடியில் 2.4 எப்போதும் நெரிசல். ஆனால் சுவர் குறுக்கே வந்தால் 5 சீக்கிரம் வலுவிழந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வகுப்பு எடுங்கள்.

செந்தூல் டீச்சர்

நீங்கள் எழுதியதைப் படித்து முடிப்பதற்குள் அதுவும் வந்துவிட்டது.

சிகாம்புட் நகர்

இதே இழையில் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னுடைய ரவுட்டரும் தானாக அணைந்து எழுகிறது, வைஃபை வந்து வந்து போகிறது. ஆனால் என் அடாப்டர் ரவுட்டரோடு வந்த அதே அடாப்டர், யாரும் மாற்றவில்லை. வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மல்டிமீட்டரில் பார்த்தால் சரியாக 12 வோல்ட் காட்டுகிறது. அப்படியென்றால் ரவுட்டர்தானே கெட்டிருக்க வேண்டும்?

பிரிக்பீல்ட்ஸ் பழுதுபார்ப்பவர்

அப்படி முடிவுகட்டிவிட வேண்டாம் அண்ணே. அடாப்டரை ரவுட்டரிலிருந்து கழற்றி வைத்துத்தானே அளந்தீர்கள்? சுமையில்லாமல் அளந்தால் நலிந்த அடாப்டரும் 12 காட்டும். அதற்குள்ளே மின்னழுத்தத்தைச் சீராக்கும் மின்தேக்கிகள் இருக்கின்றன. நம் ஊர் வெப்பத்தில், காற்றோட்டமில்லாத தொலைக்காட்சி அலமாரிக்குள், இரவு பகலாக ஓடினால் அவை உள்ளுக்குள் வறண்டுபோகும். திறந்து பார்த்தால் சிலவற்றின் தலை உப்பியிருப்பது கண்ணுக்கே தெரியும். நீங்கள் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

அதே வோல்ட்டும், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியரும் கொண்ட நல்ல அடாப்டர் ஒன்றைத் தெரிந்தவரிடம் கடன் வாங்கி ஓர் இரவு ஓடவிடுங்கள். விழாமல் ஓடினால் உங்கள் ரவுட்டருக்கு ஒன்றுமில்லை. அதிலும் விழுந்தால் மட்டும் ரவுட்டரைச் சந்தேகப்படுங்கள்.

வாங்குவதாக இருந்தால் பூடு பக்கம் ஜாலான் பாசாரில் மின்னணு உதிரிக் கடைகள் இருக்கின்றன. புக்கிட் பிந்தாங்கில் லோயாட் பிளாசாவிலும் கிடைக்கும். பழைய அடாப்டரைக் கையோடு கொண்டுபோங்கள். முனையின் வெளிவட்டம் 5.5 மில்லிமீட்டராக இருந்தாலும் உள்துளை 2.1 என்றும் 2.5 என்றும் இரண்டு வகை உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். மாட்டினால் ஒன்று நுழையாது, அல்லது தளர்ந்து ஆடும். அடாப்டரில் ஒட்டிய தாளில் வட்டமும் புள்ளியுமாக வரைந்திருக்கும் குறியில் நடுப்புள்ளி கூட்டல் குறியோடு சேர்ந்திருக்கிறதா என்று பழையதோடு ஒப்பிடுங்கள். சிரிம் என்ற மலேசியத் தரச்சான்று முத்திரை இல்லாததை விலை குறைவென்று வாங்காதீர்கள். ராத்திரி முழுவதும் வீட்டில் ஆள் தூங்கும்போது ஓடப்போகிற பொருள்.

சிகாம்புட் நகர்

சுமையில்லாமல்தான் அளந்தேன். என் தங்கை வீட்டில் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. இன்றிரவு அதை மாட்டிப் பார்த்துவிட்டு, ரவுட்டர் எழுந்து எவ்வளவு நேரமாகிறது என்ற அந்த வரியைக் காலையில் இங்கே எழுதுகிறேன்.