கூடை பின்னுவதை வெளியாருக்கும் சொல்லித்தந்தால் என்ன?

பாஸ்டன் குமரன்:
அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து பார் ஹார்பரில் கோடையில் நடக்கும் பூர்வகுடிக் கூடைச் சந்தைக்குப் போயிருந்தேன். பெனோப்ஸ்காட், பாசமக்வாடி முதலான வபனாக்கி மக்கள் கறுப்பு ஆஷ் மரத்தில் பின்னும் கூடைகள். ஒரு பெரியவர் மரத்துண்டைக் கோடரியின் பின்பக்கத்தால் அடித்துக்கொண்டே இருந்தார். வசந்தத்தில் வளரும் மென்மையான அடுக்கு நசுங்கியதும், ஆண்டு வளையம் ஒவ்வொன்றும் நாடா மாதிரி உரிந்து வந்தது. "எங்கே கற்கலாம்?" என்று கேட்டேன். "எங்க பிள்ளைகளுக்குத்தான்" என்று சிரித்தார். மரமே அழிகிறது, கற்கும் ஆளையும் சுருக்கினால் கலை எப்படிப் பிழைக்கும்?

நெய்தல்:
குமரன் சார், ஆளுக்கா பஞ்சம்? மரத்துக்குத்தான். மரகத ஆஷ் வண்டு 2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது, 2018இல் மெய்னுக்குள்ளும் வந்துவிட்டது. புழு பட்டைக்கு அடியில் தின்றே மரத்தைச் சாகடிக்கும். ஆஷ் மரம் எல்லாமும் கூடைக்கு ஆகாது. ஈர நிலத்தில் நேராக, முடிச்சில்லாமல் வளர்ந்ததாகத் தேடணும். அதையும் வார இறுதிப் பொழுதுபோக்குக்காரர்கள் வெட்டிக்கொண்டு போனால்?

பாஸ்டன் குமரன்:
நான் கோடரியோடு காட்டுக்குப் போகிற ஆளா! சமையல் குறிப்பு கொடுத்ததால் எந்த ஹோட்டலாவது மூடியதா? இன்னொன்று: 19ஆம் நூற்றாண்டிலேயே இவர்கள் கோடை விடுமுறைக்கு வரும் பணக்காரர்களுக்காகக் கையுறைப் பெட்டி, கைக்குட்டைப் பெட்டி எல்லாம் பின்னி விற்றவர்கள். வெளியாரை நம்பித்தானே இந்த அலங்காரக் கூடையே வளர்ந்தது?

நெய்தல்:
வளர்ந்தது வாங்கியவர்களால், கற்றுக்கொண்டவர்களால் இல்லை. ரெண்டும் ஒன்றாகுமா? விற்பனைதான் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றியது. பின்னுகிறவர்கள் குறைந்து, இருப்பவர்களுக்கும் வயதாகிறது என்று தெரிந்ததும் 1993இல் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு வைத்தார்கள். அதை முன்னின்று நடத்திய தெரசா செக்கார்ட் பெனோப்ஸ்காட் இனத்தவர். மூத்தவர்கள் பக்கத்தில் இளையவர்களை உட்கார வைத்துப் பழக்கினார்கள். பாசமக்வாடி கலைஞர் ஜெரமி ஃப்ரே 2011இல் சாண்டா ஃபே பூர்வகுடிச் சந்தையின் தலைசிறந்த படைப்புக்கான பரிசையே தட்டிக்கொண்டு வந்தார். கலை செத்துக்கொண்டா இருக்கிறது?

மரமண்டை:
சட்டம் இருக்கே அண்ணே, ஏன் இந்தச் சண்டை? பூர்வகுடி அல்லாதவர் செய்ததைப் 'பூர்வகுடி கைவினை' என்று அமெரிக்காவில் விற்றால் 1990 சட்டப்படி முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை.

நெய்தல்:
அது பொய்ச் சொல்லுக்குத்தான் தண்டனை. 'ஆஷ் கூடை' என்று மட்டும் ஒட்டி பாதி விலைக்கு விற்றால் அந்தச் சட்டம் தொடாது. பக்கத்துக் கடையில் பாட்டியின் கூடை தூசி படியும்.

செல்வி:
ரெண்டு பேரும் பின்னுகிற வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். அடித்து உரிப்பதே முதுகை ஒடிக்கும். அப்புறம் சுரண்டணும், பிளக்கணும், சீராக நாடா வகிரணும், வாசனைப்புல்லைப் பின்னல் போட்டுச் சேர்க்கணும். குமரன் கேட்பது பத்து நிமிடச் செய்முறை. பெரியவர் காட்டியதும் அவ்வளவுதான், அதை யாரும் மறைக்கவில்லையே. (விலை கேட்டுவிட்டு "இவ்ளோவா?" என்று முகம் சுளிக்கிற நம்மாட்கள் தனிக்கதை.)

பாஸ்டன் குமரன்:
சரி செல்வி மேடம், காணொளியாவது எடுத்து வைக்கலாமே? நாளைக்கு மரமே இல்லாமல் போய், அறுபது வருடம் கழித்து மீண்டும் வளர்ந்தால், அடிக்கத் தெரிந்தவர் யார் இருப்பார்?

நெய்தல்:
நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பதிவு யார் கையில் இருக்கணும், யார் பார்க்கலாம் என்பது அவர்கள் முடிவு. நீங்கள் நிஜமாகவே உதவணும் என்றால் விதை. கறுப்பு ஆஷ் விதையைச் சேகரித்துப் பாதுகாக்கும் வேலையில் பூர்வகுடியினரும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து இறங்கியிருக்கிறார்கள். அதற்கு நில உரிமையாளர்களின் ஒத்துழைப்பு வேண்டும்.

பாஸ்டன் குமரன்:
நண்பர் ஒருவருக்கு அங்கே சதுப்பு நிலத்தோடு காடு இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் வெளியாருக்கு வகுப்பே கூடாது என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை நெய்தல். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.