கீழாநெல்லி பரிசோதனையில் தேறியதா, இல்லையா?

செடிநேசன்:
மஞ்சள் காமாலைக்குத் தலைமுறைகளாகக் கொடுக்கப்படும் கீழாநெல்லி அறிவியல் ஆய்வில் தேறிவிட்டதாகச் சிலரும், தேறவில்லை என்று சிலரும் எழுதுகிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாகும்?

மூலிகைமாணவி:
இரண்டுமே உண்மைதான். 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள்கள் கீழாநெல்லி கொடுத்தபோது, 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் (வைரஸ் உடலில் இருப்பதைக் காட்டும் புரதம்) மறைந்தது; ஒப்பீட்டுக்காக மருந்தற்ற போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. பிற்பாடு வேறு குழுக்கள் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. அதோடு, காமாலை என்பது அறிகுறியே தவிர நோயன்று. காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே குணமாவதால், அந்த நாள்களில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும்.

ஆய்வகவாசி:
தயாரிப்பு முறையையும் கவனிக்க வேண்டும். மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன விஞ்ஞானி டூ யூயூ, மாசிபத்திரியின் உறவான ஒரு செடியைக் காய்ச்சி எடுத்த சாற்றில் நிலையான பலன் காணாமல், அதை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லும் நான்காம் நூற்றாண்டுக் குறிப்பைப் படித்த பிறகே, சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானைப் பயன்படுத்தினார். அப்படிக் கிடைத்ததே ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து. 2015-இல் நோபல் பரிசும் வந்தது. (பழைய ஏடு சொன்னதைவிட, காய்ச்சச் சொல்லாமல் விட்டதுதான் இங்கே முக்கியம்!)

செடிநேசன்:
நன்றி. அப்படியானால் கீழாநெல்லி ஆய்வுகளில் ஒரே இனச் செடிதான் பயன்பட்டதா?

மூலிகைமாணவி:
இல்லை, சிலவற்றில் அதன் நெருங்கிய இனங்களும் சோதிக்கப்பட்டன. ஒப்பிடுவதில் உள்ள சிக்கலே அதுதான்.