அப்பாவின் கை நடுக்கமும் பன்னிரண்டு வருஷ மலச்சிக்கலும்: குடல் பாக்டீரியா பவுடர் வாங்கலாமா?

கேட்டவர்: கடையநல்லூரான்

அப்பாவுக்கு 67 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற வண்டியில் சில்லறை எண்ணிய அதே விரல்களுக்கு இப்போது சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிஷம் ஆகிறது. போன தை மாசம் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு பார்க்கின்சன் என்றார். சின்டோபா மூன்று வேளை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நோயைவிட அவர் கேட்ட ஒரு கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "மலச்சிக்கல் எத்தனை வருஷமா?" அம்மா யோசிக்கவே இல்லை, "பன்னிரண்டு வருஷம் இருக்கும்" என்றார். டூட்டி நேரத்தில் அடக்கி அடக்கி வந்த பழக்கம் என்று விட்டுவிட்டோம். அடுத்து வாசனை பற்றிக் கேட்டார். அடுப்பில் பால் அடிப்பிடித்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குத் தெரியாது, அது நாலைந்து வருஷமாக.

இதைக் கேள்விப்பட்ட சித்தி மகன், "எல்லாம் குடல் பாக்டீரியாவால் வருவது" என்று மாதம் 3,800 ரூபாய்க்கு ஒரு பவுடர் வாங்கச் சொல்கிறான். மூன்று மாதத்தில் நடுக்கம் நின்றுவிடுமாம். வயிற்றுக்கும் மூளைக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா, இல்லை வியாபாரமா?

நுண்ணுயிரி வாத்தியார்

இரண்டும்தான் சகோ. தொடர்பு நிஜம், அதை வைத்து நடக்கும் வியாபாரமும் நிஜம்.

அம்மா சொன்ன பன்னிரண்டு வருஷத்தை லேசாக எடுக்காதீர்கள். ஹோனலூலுவில் 6,790 ஆண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2001-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: தினம் ஒரு தடவை போகிறவர்களைவிட, அதுகூடப் போகாதவர்களுக்கு இந்த நோய் வந்தது 2.7 மடங்கு அதிகம். அதற்காக மலச்சிக்கல் உள்ள எல்லோரும் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அது வெறும் மலச்சிக்கல்தான்.

ஆல்ஃபா சைனூக்ளின் என்றொரு புரதம் கோணலாக மடிந்து நரம்பணுக்களில் கட்டி கட்டியாகச் சேர்வது இந்த நோயின் அடையாளம். அது குடல் நரம்புகளிலும் மூக்கின் வாசனை நரம்பிலும் ஆரம்பித்து மூளைக்குள் போகலாம் என்று 2003-ல் ஜெர்மனியின் ஹைகோ பிராக் சொன்னார். குடலிலிருந்து ஏறும் பாதை வேகஸ் நரம்பு. உங்கள் வீட்டுப் பால் அடிப்பிடித்த கதையை அவர் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். எல்லோருக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. சிலருக்கு மூளையிலேயே தொடங்குகிறது என்கிறவர்களும் உண்டு.

பாக்டீரியா எங்கே வருகிறது? 2016-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் சர்கிஸ் மஸ்மேனியன் குழு, இந்தப் புரதம் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும் எலிகளை, கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தது. அவற்றுக்குத் தடுமாற்றம் குறைவாக இருந்தது. நோயாளிகளின் குடல் பாக்டீரியாவை ஏற்றியதும் மோசமாயின. நோயில்லாதவர்களுடையதை ஏற்றியபோது அந்த அளவுக்கு ஆகவில்லை. ஆனால் கவனியுங்கள், அவை முதலிலேயே பழுதோடு உருவாக்கப்பட்ட எலிகள். எரிகிற அடுப்பை பாக்டீரியா ஊதிவிடுகிறது என்று காட்டினார்கள், பற்றவைத்தது அதுதான் என்று காட்டவில்லை. போதாததற்கு நோயே குடலை மந்தமாக்கும். குடல் மந்தமானால் பாக்டீரியாவும் மாறும். எது முன், எது பின்?

மனிதர்களில், ஆரோக்கியமானவரின் மலத்தையே நோயாளியின் குடலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். 2024-ல் வந்த பெல்ஜியம் முடிவில் கொஞ்சம் முன்னேற்றம். அதே வருஷம் ஃபின்லாந்து முடிவில் போலி சிகிச்சைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. முழுக் குடல் கூட்டத்தையே மாற்றியும் இவ்வளவுதான் என்றால், டப்பாவில் வரும் நாலு வகை பாக்டீரியா நடுக்கத்தை நிறுத்துமா?

மலேசியாவில் 72 நோயாளிகளுக்கு நான்கு வாரம் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா மருந்து) கொடுத்ததில் மலச்சிக்கல் குறைந்தது. அதற்காக வேண்டுமானால் டாக்டரிடம் கேளுங்கள்.

பொன்மலை அக்கா

தம்பி, என் வீட்டுக்காரருக்கு இது ஒன்பதாவது வருஷம். ஆராய்ச்சி எனக்குத் தெரியாது, நோட்டு எழுதுவேன்.

முதல் ஒரு வருஷம் காலை எட்டு மணி மாத்திரை "பிடிக்கவே" பிடிக்காது. பத்து மணி வரை கட்டை மாதிரி உட்கார்ந்திருப்பார். நோட்டைப் புரட்டினால், அந்த நாளெல்லாம் மாத்திரை போட்ட கையோடு வெண்பொங்கலோ, சாம்பார் ஊற்றிய இட்லியோ. பருப்பின் புரதமும் இந்த மருந்தும் குடலில் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். இப்போது மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முக்கால் மணி நேரம் இடைவெளி. பருப்பை நிறுத்தவில்லை, நேரத்தைத்தான் மாற்றினோம். வயிறு அடைத்துக்கொண்ட நாளிலும் மாத்திரை தாமதமாகத்தான் வேலை செய்யும். அதனால் எங்கள் வீட்டில் மலச்சிக்கல் வைத்தியமும் நடுக்க வைத்தியம்தான். இசப்கோல் கொடுத்தால் ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடிக்க வையுங்கள். அரை டம்ளரோடு நிறுத்தியதில் ஒரு தடவை இன்னும் இறுகிப்போய் நாங்கள் பட்ட பாடு!

இன்னொன்று. வெளியூரில் வாந்திக்கென்று ஒருவர் மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டுவிட்டார். இரண்டு நாள் இவரால் திரும்பிப் படுக்க முடியவில்லை. அந்தப் பெயரை எழுதி மணிபர்ஸில் வையுங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் காட்டுங்கள்.

மூலிகை மணி

பவுடரும் வேண்டாம் மாத்திரையும் வேண்டாம். பூனைக்காலி விதையைப் பொடித்துப் பாலில் கொடுங்கள். இயற்கை, பக்கவிளைவே கிடையாது.

நுண்ணுயிரி வாத்தியார்

மணி சார், பூனைக்காலியில் இருப்பதே லெவோடோபாதான், சின்டோபாவில் இருக்கும் அதே சரக்கு. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் அளவு ஏறும், மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து. டாக்டரிடம் சொல்லாமல் செய்யக்கூடாத காரியம்.

நான் சொல்ல மறந்ததும் இதில்தான் இருக்கிறது. என்டரோகாக்கஸ் ஃபீக்கலிஸ் என்ற குடல் பாக்டீரியா, லெவோடோபா மூளைக்குப் போவதற்கு முன்பே அதைக் குடலிலேயே டோபமைனாக (மூளைக்குள் போய் ஆக வேண்டிய, அசைவுக்கான ரசாயனம்) மாற்றிவிடும் என்று 2019-ல் கண்டுபிடித்தார்கள். இதே வேலையைச் செய்யும் நம் உடம்பின் நொதியைத் தடுக்க மாத்திரையில் கார்பிடோபா என்ற துணை மருந்தைச் சேர்க்கிறார்கள்; பாக்டீரியாவின் நொதி அதற்கு மசிவதில்லை. ஒரே டோஸ் ஒருவருக்குப் போதுவதும் இன்னொருவருக்குப் போதாததும் ஓரளவு இதனாலும் இருக்கலாம். குடல் பாக்டீரியா ஆராய்ச்சியில் நோயாளிக்கு முதலில் உதவப்போவது இந்த இடம்தான் என்பது என் கணிப்பு.

கடையநல்லூரான்

பவுடர் வாங்கவில்லை. சித்தி மகனுக்குக் கோபம், போகட்டும்.

அக்கா, நோட்டு விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். பழைய டிரிப் ஷீட் மாதிரி அவரே கோடு போட்டுவிட்டார்: மாத்திரை, சாப்பாடு, வெளிக்குப் போனது, கை எப்படி. எழுத்து சின்னதாகிக்கொண்டே போகிறது, ஆனால் எழுதுகிறார். காலை 6.30-க்கு மாத்திரையைப் பால் காபியோடுதான் விழுங்குகிறார். காபி இதில் சேருமா?

பொன்மலை அக்கா

பாலிலும் புரதம் இருக்கிறது தம்பி. மாத்திரையை வெந்நீரில் போடச் சொல்லுங்கள், காபி 7.15-க்கு. முதல் வாரம் சண்டை போடுவார்.