கடிகாரம் திறந்த பிறகு

குழு: சனிக்கிழமை இரவுத் தொடர் (குடும்பம்)

[இரவு 9.41] நான்: அனைவரும் 'டாக்டர் ஹூ' தொடரின் 'யுடோபியா' பகுதியைப் பார்த்து முடித்துவிட்டீர்களா என்று முதலில் சொல்லுங்கள். ஒருவர் பாக்கி என்றாலும் காத்திருப்போம். இந்தப் பகுதியை மட்டும் முன்கூட்டித் தெரிந்துகொண்டு பார்க்கக்கூடாது.

[இரவு 9.43] தம்பி: முடித்துவிட்டேன் அக்கா. கடைசிக் காட்சியை மூன்று முறை திரும்ப ஓடவிட்டேன். அந்தப் பெரியவரின் முகம் மாறுகிற இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன் என்பதை அப்போது கவனிக்கவே இல்லை.

[இரவு 9.44] சித்தி: நாங்கள் இருவரும் பார்த்துவிட்டோம். என் மகள் மட்டும் எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். எழுதுவாள் என்று நினைக்கிறேன்.

[இரவு 9.46] பெரியப்பா: அப்படியானால் இனி நான் வாய் திறக்கலாம். 2005ஆம் ஆண்டின் முதல் பகுதியிலிருந்து வாரத்துக்கு ஒன்றாக நாம் பார்க்கத் தொடங்கி ஒன்பது மாதங்கள் ஆகின்றன. இத்தனை நாளும் 'மாஸ்டர்' என்ற பெயரை இந்தக் குழுவில் ஒருமுறைகூட எழுதாமல் இருந்திருக்கிறேன். போன மாதம் தம்பி, காலத்தில் பயணிக்கும் டைம் லார்ட் இனத்தில் தொடரின் நாயகனான டாக்டரைத் தவிர எவருமே பிழைக்கவில்லையா என்று கேட்டபோது பதில் எழுதிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன்.

[இரவு 9.48] தம்பி: அதற்காக உங்களுக்கு மனமார நன்றி சொல்கிறேன் பெரியப்பா. நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட நான் அந்தப் பெரியவரான பேராசிரியர் யானாவைச் சந்தேகத்தோடுதான் பார்த்திருப்பேன். அவர் கடிகாரத்தைக் கையில் எடுத்த நொடியில் எனக்குள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. 'ஹியூமன் நேச்சர்' கதையில் டாக்டர் தன் நினைவுகளையும் டைம் லார்ட் இயல்பையும் அப்படிப்பட்ட ஒரு கடிகாரத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டு, ஜான் ஸ்மித் என்ற சாதாரண மனிதராக 1913ஆம் ஆண்டின் இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக வாழ்ந்ததை நாம் பார்த்தோம் அல்லவா? அதே வட்டங்கள் பொறித்த அதே மாதிரிக் கடிகாரம் இங்கே வந்ததும், டாக்டரோடு பயணிக்கும் மார்த்தாவுக்கு என்ன புரிந்ததோ அதுவே எனக்கும் அதே கணத்தில் புரிந்தது.

[இரவு 9.50] நான்: நீ கவனித்தது சரி. அந்த இரண்டு பகுதிக் கதை 2007 மே 26, ஜூன் 2 ஆகிய நாள்களில் ஒளிபரப்பானது. இடையில் ஜூன் 9 அன்று அழுகிற தேவதைச் சிலைகளின் கதை வந்து நம் கவனத்தை முழுவதும் வேறு பக்கம் இழுத்தது. ஜூன் 16 அன்று இது வந்தது. கடிகாரம் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதை நாம் மறக்க ஒரு வாரமும் கொடுத்திருக்கிறார்கள்.

[இரவு 9.53] தம்பி: ராட்சத முகமாக மட்டுமே இருக்கும் ஃபேஸ் ஆஃப் போ இறக்கும்போது டாக்டரிடம் சொன்ன 'நீ தனியாக இல்லை' (You Are Not Alone) என்ற செய்தியின் நான்கு ஆங்கிலச் சொற்களுக்கும் முதல் எழுத்துகளை எடுத்தால் 'யானா' என்று வருகிறது. பெயரைப் பகுதி முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. குழந்தையாகச் சில்வர் டெவஸ்டேஷன் என்ற இடத்தின் கரையில் கண்டெடுக்கப்பட்டதாக யானா சொல்கிறார். நாம் பார்த்த இரண்டாம் பகுதியில், பூமி அழிவதைக் காண வந்த விருந்தினர்களை வரவேற்றபோது, ஃபேஸ் ஆஃப் போவும் அதே சில்வர் டெவஸ்டேஷனிலிருந்து வந்ததாகத்தான் அறிவித்தார்கள். இப்போதுதான் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

[இரவு 9.55] சித்தி: உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க நினைக்கவில்லை. ஆனால் பழைய தொடரைப் பார்க்காத எனக்கு, 'நான் மாஸ்டர்' என்று அவர் சொன்னபோது அந்தப் பெயர் எதையும் தரவில்லை. எனக்கு அச்சம் தந்தது பெயர் அன்று, அந்த நடிகரின் கண்கள்தான். அத்தான், இந்த மாஸ்டர் யார், இவன் திரும்பி வந்ததில் இவ்வளவு பெரிய விஷயம் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கும்படி எழுதுங்களேன்.

[இரவு 10.04] பெரியப்பா: கேட்டாயே, அதுவே போதும். 1963இல் தொடங்கிய இந்தத் தொடரில் மாஸ்டர் முதன்முதலில் வந்தது 1971 ஜனவரியில். ராஜர் டெல்காடோ என்ற நடிகர் அந்த வேடத்தை ஏற்றார். கூர்மையான தாடி, மெல்லிய குரல், எவரையும் கண்ணால் பார்த்தே வசப்படுத்தும் பாங்கு, டாக்டருக்கு இணையான அறிவு, அதோடு டாக்டரைக் கொல்ல வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் தாமதிக்கிற ஒரு பழைய நட்பு. 1973 ஜூன் 18 அன்று, துருக்கியில் வேறொரு படப்பிடிப்புக்குச் சென்றிருந்தபோது கார் விபத்தில் அவர் இறந்துபோனார். அவருக்கு வயது 55. மாஸ்டருக்கு ஒரு முடிவு எழுதப்படாமலே போயிற்று.

[இரவு 10.09] பெரியப்பா: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு 1976இல், உடல் அழுகி உருக்குலைந்தவனாக, முகமூடி போட்ட வேறொரு நடிகரைக் கொண்டு மாஸ்டரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1981இல் ஆண்டனி ஐன்லி ஏற்று 1989இல் பழைய தொடர் நிற்கும் வரை நடித்தார். 1996இல் வந்த தொலைக்காட்சித் திரைப்படத்தில் எரிக் ராபர்ட்ஸ். அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் மாஸ்டர் திரையில் வரவே இல்லை. 2005இல் தொடர் புத்துயிர் பெற்றபோதோ, காலப்போரில் டைம் லார்டுகள் அனைவரும் அழிந்துவிட்டார்கள், டாக்டர் ஒருவரே மிச்சம் என்று தொடங்கினார்கள். ஆகவே இந்தக் கடிகாரம் திறந்தபோது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வில்லன் மட்டும் திரும்பவில்லை. டாக்டரின் தனிமையும் அந்த நொடியில் முடிந்தது. அவன் கொலைகாரனாகவே இருந்தாலும், உலகில் அவருக்கு உறவென்று மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். டாக்டரின் காலப்பயணக் கலமான டார்டிஸின் மூடிய கதவுக்கு வெளியே நின்று டாக்டர் அவனிடம் கெஞ்சுகிறாரே, அதை எண்ணிப் பார்.

[இரவு 10.11] சித்தி: இப்போது புரிகிறது அத்தான். எதிரியிடம் போய் ஏன் அப்படிக் கெஞ்சுகிறார் என்பதுதான் எனக்கு நெருடலாக இருந்தது.

[இரவு 10.14] பெரியப்பா: இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுக்கும், எழுதுவதால் தப்பித்தேன். கடிகாரம் யானாவை அழைக்கும்போது உள்ளிருந்து சில குரல்கள் கேட்கின்றன அல்லவா? அவற்றில் ஒன்று 1971ஆம் ஆண்டுக் கதையொன்றிலிருந்து எடுத்த டெல்காடோவின் சொந்தக் குரல். அந்தச் சிரிப்பு ஐன்லியுடையது. டெல்காடோ இறந்து 34 ஆண்டுகள் கழித்து, ஐன்லி இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, இருவரையும் அந்தச் சின்னக் கடிகாரத்துக்குள்ளிருந்து பேச வைத்திருக்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது, யார் அது என்று தெரிந்த உடனே நான் கை தட்டினேன்.

[இரவு 10.22] தங்கை: பெரியப்பா, நீங்கள் எழுதியது அனைத்தையும் படித்தேன். உங்கள் மகிழ்ச்சியை மதிக்கிறேன், ஆனால் என்னால் அதில் சேர முடியவில்லை. நீங்கள் எல்லோரும் யார் வந்தார் என்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். யார் போனார் என்று ஒருவரும் எழுதவில்லை.

[இரவு 10.27] தங்கை: பிரபஞ்சமே அணைந்துகொண்டிருக்கிற நூறு டிரில்லியனாம் ஆண்டில், மிச்சமிருக்கும் மனிதர்களைக் காப்பாற்ற ஒரு ராக்கெட்டை, கையில் கிடைத்த உணவுப் பசையையும் நூலையும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் யானா. அது பறக்க வேண்டுமென்றால் யாரோ ஒருவர் தரையில் நின்று இயக்க வேண்டும் என்ற நிலையில், அந்த ஒருவராகத் தானே நிற்பது என்று யாரும் கேட்காமலே முடிவு செய்திருந்தார். தன் தலைக்குள் வாழ்நாள் முழுதும் ஒலித்த முரசோசையைப் பொறுத்துக்கொண்டு, நம்பி வந்தவர்களிடம் அதைக் காட்டாமல் வேலை பார்த்தார். அந்த மனிதர் பகுதியின் கடைசியில் கொல்லப்படுகிறார். அவருடைய உடல் நடக்கிறது, பேசுகிறது என்பதால் நாம் அதைக் கொலை என்று எண்ணவில்லை.

[இரவு 10.29] தம்பி: ஆனால் யானா என்று ஒருவர் உண்மையில் இல்லையே. அது மாஸ்டர் போட்டுக்கொண்ட மறைப்புத்தானே?

[இரவு 10.35] தங்கை: அண்ணா, ஜான் ஸ்மித்தும் மறைப்புத்தான். ஆனால் கடிகாரத்தைத் திறந்தால் தான் இல்லாமல் போய்விடுவோம் என்று தெரிந்து ஜான் ஸ்மித் அழுதபோது நாம் எல்லோரும் அழுதோம். அம்மா அன்றைக்கு இந்தக் குழுவில் எவ்வளவு நீளமாக எழுதினார் என்று மேலே போய்ப் பாருங்கள். அவருக்கு ஓர் இரவு கொடுத்தார்கள், தான் விரும்பிய பெண்ணோடு வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்க்கையைக் கனவாகவாவது காணக் கொடுத்தார்கள், முடிவெடுக்கும் உரிமையையும் கொடுத்தார்கள். யானாவுக்கு என்ன நடக்கப்போகிறது என்பதே தெரியாது. அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. மார்த்தா அந்தக் கடிகாரத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கேட்ட கேள்விதான் அவருடைய முடிவாயிற்று.

[இரவு 10.37] தங்கை: யானாவின் உதவியாளரான சாந்தோவைப் பற்றியும் ஒரு சொல் எழுதுங்கள். தன் இனத்தில் கடைசி ஆளான அவள் 17 ஆண்டுகள் அவர் பக்கத்திலேயே இருந்தாள். 'சான்' என்று தொடங்கி 'தோ' என்று முடிக்காமல் பேசுவது அவளுக்கு மரியாதைக்குறைவு. அவ்வளவு கண்ணியமான ஒருத்தியை, இத்தனை நாளும் கடிகாரத்தைப் பற்றி நீ ஏன் கேட்கவில்லை என்று திட்டிக்கொண்டே அவன் மின்கம்பியால் கொல்கிறான். தான் இத்தனை ஆண்டுகள் அன்பு வைத்திருந்த அதே முகத்தை நோக்கிச் சுட வேண்டிய நிலையில்தான் அவள் உயிர் போகிறது.

[இரவு 10.40] சித்தி: இவள் ஏன் உள்ளே போய்விட்டாள் என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

[இரவு 10.46] நான்: இருவர் சொல்வதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது, ஆனாலும் நான் தங்கையின் பக்கம்தான் சாய்கிறேன். ஒரு வில்லன் எதிர்பாராமல் திரும்பி வரும்போது ரசிகர்கள் பெரும்பாலும் ஆர்ப்பரிப்பது, பழைய பெயர் ஒன்று காதில் விழுந்த மகிழ்ச்சியில். அந்த மகிழ்ச்சி அடுத்த வாரத்துக்குள் தீர்ந்துவிடும். இங்கே அப்படித் தீராமல் இருப்பதற்குக் காரணம், பழைய பெயரே தெரியாத சித்தியும் தங்கையும்கூட எதையோ இழந்தார்கள் என்பதுதான். நாற்பது நிமிடங்கள் ஒரு நல்ல மனிதரை நேசிக்க வைத்துவிட்டு அந்த நேசத்தின் மேல்தான் மாஸ்டரை நடந்து வர வைத்திருக்கிறார்கள். யானாவாக நடித்த டெரெக் ஜாகோபி இந்தப் பகுதியில் மாஸ்டராக நிற்பது சில நிமிடங்கள்தான், அதற்குள் மாஸ்டர் வேறொரு நடிகரான ஜான் சிம்மாக உருமாறிவிடுகிறான். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காகவே 2017இலிருந்து ஒலி நாடகங்களில் அவரையே மீண்டும் மாஸ்டராக நடிக்க வைத்தார்கள் என்றால், யானாவை நம்பிய நம்முடைய மனம் எவ்வளவு ஆழமாக உடைந்திருக்க வேண்டும்!

[இரவு 10.49] தம்பி: நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யானா மறைப்பு என்று சொன்னது தவறு. சாந்தோ பேராசிரியர் என்று அழைத்ததும், அது என் பெயர் அன்று என்று மாஸ்டரே தன் வாயால் சீறுகிறான். இல்லாத ஒருவன் மேல் யாருக்கும் அவ்வளவு வெறுப்பு வராது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. சாக்சன் என்ற பெயர் கிறிஸ்துமஸ் பகுதியிலிருந்தே அவ்வப்போது காதில் விழுகிறதே, அதற்கும் இதற்கும்

[இரவு 10.50] பெரியப்பா: அதற்கு மேல் எழுதாதே அப்பா. ஒன்பது மாதம் காத்தவனுக்கு இன்னும் ஒரு வாரம் காக்கத் தெரியும்.

[இரவு 10.50] நான்: அடுத்த சனிக்கிழமை வரை இந்தப் பெயரைப் பற்றி எவரும் எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தம்பி, தேடியும் பார்க்காதே.

[இரவு 11.32] தங்கை: பெரியப்பா, நான் எழுதியது உங்களைக் காயப்படுத்தியிருந்தால் மன்னித்துவிடுங்கள். அந்தக் கடிகாரத்துக்குள் டெல்காடோவின் குரல் இருக்கிறது என்று நீங்கள் சொன்ன பிறகு அந்த இடத்தை மட்டும் மறுபடி கேட்டேன். எனக்கு அவரைத் தெரியாது, ஆனாலும் உடல் சிலிர்த்தது.

[இரவு 11.51] பெரியப்பா: இல்லையம்மா, காயம் ஒன்றும் இல்லை. நானும் இப்போது மறுபடி போட்டுப் பார்த்தேன். இதுவரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கடிகாரம் எப்போது வரும் என்றே காத்திருந்திருக்கிறேன். இன்று யானா தான் தரையிலேயே நிற்கப்போவதாக டாக்டரிடம் ஒப்புக்கொள்கிற இடம் வந்ததும், அதற்குமேல் ஓடவிடாமல் அணைத்துவிட்டேன்.