மறு: சைட்டோகைனுக்குத் தமிழ்ச்சொல் – ‘அழற்சித்தூண்டி’ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

சைட்டோகைனுக்கு, அதாவது ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் செய்தி சொல்ல வெளிவிடும் சிறு புரதத்துக்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது என்று மூன்று நாட்களாக ஓடும் இந்த இழையை இன்றுதான் முழுவதும் படித்தேன். ‘அழற்சித்தூண்டி’க்கு ஆதரவு கூடிவருவதால் அவசரமாக எழுதுகிறேன். சொல் அழகாகத்தான் இருக்கிறது, பொருள்தான் தவறு.

சைட்டோகைன்களில் ஒரு வகையான இன்டர்லூக்கின்களில், இன்டர்லூக்கின்-1 குடும்பத்தைப் பாருங்கள். அதில் 1-பீட்டா காய்ச்சலைக் கிளப்பும், மூட்டை வீங்க வைக்கும். அதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு புரதம், பீட்டா வந்து சேரவேண்டிய ஏற்பியில் (செய்தியை வாங்கிக்கொள்ளும் செல்லின் புரதத்தில்) முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். உள்ளே எந்தச் செய்தியும் சொல்லாது. இடத்தை அடைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதையே சற்று மாற்றித் தயாரித்த ‘அனகின்ரா’ ஊசிக்கு முடக்குவாத மருந்தாக 2001-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்டர்லூக்கின்-37-உம் அழற்சியை அடக்குவதே. ஆக, ‘அழற்சியைத் தணிக்கும் அழற்சித்தூண்டி’ என்று பாடநூலில் ஒரு வாக்கியம் வரும். மாணவர் என்ன பாவம் செய்தார்?

மூலச்சொல்லில் அழற்சியே கிடையாது. 1974-இல் ஸ்டான்லி கோஹன் (நோபல் பரிசு பெற்றவர் வேறொரு ஸ்டான்லி கோஹன்) கிரேக்கத்தில் செல்லையும் அசைவையும் குறிக்கும் இரு வேர்களைச் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார். அப்படியே பெயர்த்தால் ‘செல்லியக்கி’. இதைக் கைபேசிக் கடையில்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். இலங்கை வழக்கில் செல் என்பது கலம். ‘கலம்’, ‘இயக்கி’ இரண்டையும் புணர்த்திப் பார்த்தேன். ‘கலவியக்கி’ வந்து நின்றது. மேலே எழுதவில்லை.

‘செல்விடு தூது’ என்று பெயர் வைக்கலாம் என இழையில் ஒருவர் எழுதியதை வெகுவாக ரசித்தேன். ஆனால் ‘தமிழ்விடு தூது’ என்ற சிற்றிலக்கியத்தின் பெயருக்குப் பொருள் தமிழையே தூதாக அனுப்புவது. அந்த மரபின்படி செல்விடு தூதில் செல்லே தூது போகவேண்டும். இங்கே செல் அனுப்புகிறது, போவது புரதம்.

ஆகவே என் பரிந்துரை ‘தூதுப்புரதம்’. தூது என்ற சொல் எந்தப் பக்கமும் சாயாது. அனுமனும் தூதன்தான், போன ஊருக்குத் தீ வைத்துவிட்டு வந்தான். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவையும் தூதுதான், அவர் போனது போர் மூளாதிருக்க. இன்சுலினும் தூது சுமக்கும் புரதம்தானே என்று கேட்பீர்கள். ஆம், அதற்கு இயக்குநீர் என்ற பெயர் முன்பே நிலைத்துவிட்டது, குழப்பம் வராது.

ஒன்றோடொன்று உறவுள்ள சைட்டோகைன்களைக் ‘குடும்பம்’ என்பதா, வேறு என்னவென்று சொல்வது என்று இழையில் ஓர் அம்மையார் கேட்டிருந்தார். ‘பங்காளித் தூதுப்புரதங்கள்’ என்பேன், விளையாட்டுக்காக அல்ல. இன்டர்லூக்கின்-12 இரு துண்டுகளால் ஆனது: பி35, பி40. 2000-இல் கண்டறியப்பட்ட இன்டர்லூக்கின்-23-க்கும் அதே பி40 உண்டு. உடன் இருப்பது பி19. சொத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள்! இந்தப் பங்காளித்தனம் ஆய்வாளர்களையே ஏமாற்றியிருக்கிறது. பி40 இல்லாத எலிக்கு மூளை நரம்புறை அழற்சி வராததால் குற்றவாளி 12தான் என்று நம்பிவந்தார்கள். பி35 மட்டும் இல்லாத எலிக்கோ நோய் வந்தது. பி19 இல்லாத எலி தப்பியது என்று 2003-இல் தெரிந்தபோதுதான் பழி 23-க்கு மாறியது. சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு 2009-இல் ஒப்புதல் பெற்ற உஸ்டெகினுமாப் என்ற மருந்து பி40-ஐப் பிடிப்பதால் இருவரையும் சேர்த்துத் தடுக்கிறது. 2017-இல் வந்த குசெல்குமாப் பி19-ஐப் பிடித்து 23-ஐ மட்டும் தடுக்கிறது. பி35-ஐப் பங்கு போட்டுக்கொண்ட இன்டர்லூக்கின்-35 அழற்சியைத் தணிப்பது. ‘குடும்பம்’ என்ற சொல் இந்தப் பாகப்பிரிவினையையும் பகையையும் காட்டவே காட்டாது.

‘பங்காளிக் கட்சி’ என்று செய்தித்தாள்கள் கூட்டணிக்காரர்களை எழுதுவதால் சண்டைப் பொருள் மங்கிவிட்டது என்று யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்லக்கூடும். அங்கே எப்படி ஒலிக்கிறது என்று எழுதுங்கள். சைட்டோகைன்கள் அளவுமீறிச் சுரந்து உடலையே தாக்கும் ‘சைட்டோகைன் புயல்’ மட்டும் கொரோனா காலத்திலிருந்து எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை.